திங்கள், புதன், வெள்ளி

6 ஜனவரி 2025, திங்கள்

அலாரம் வைக்கவில்லை. இருந்தும் நாலரைக்கு விழிப்பு வந்துவிட்டது. கால்கள் சமையலறைக்கு நடந்தன, கை விளக்கைப் போட்டது. பிளாஸ்க்கை எடுத்துக் கழுவிய பிறகுதான் நினைவு வந்தது: இன்று யாரையும் எங்கும் அழைத்துப் போக வேண்டியதில்லை.

சனிக்கிழமை பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. உறவினர்கள் பட்டர்வொர்த்துக்கும் சுங்கைப்பட்டாணிக்கும் திரும்பிவிட்டார்கள். மகள் நேற்றிரவு கோலாலம்பூர் பஸ் ஏறினாள். வீட்டில் நானும் சாமி விளக்கும்.

ஆறு வருடம். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் நாலே முக்காலுக்குப் பினாங்கின் குளுகோரிலிருந்து கிளம்புவோம். ஐந்தரைக்கு டயாலிசிஸ் மையத்தில் முதல் சுற்று, என் மனைவியின் இரத்தத்தை இயந்திரம் சுத்திகரிக்க நான்கு மணி நேரம். கணக்குப் போட்டால் தொள்ளாயிரம் தடவைக்கு மேல் வருகிறது. அவள் கணவன் என்பதைவிட அவள் ஓட்டுநர் என்றுதான் அந்த மையத்தில் என்னைத் தெரியும்.

வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடித்தார்கள். பக்கத்து வீட்டுச் சேவல் கூவியது. விடிந்ததும் உள்ளே வந்துவிட்டேன்.

8 ஜனவரி, புதன்

இன்றும் நாலரை.

அலமாரியைச் சுத்தம் செய்யலாம் என்று தொடங்கி, நீல நிற பிளாஸ்டிக் குவளையில் நின்றுவிட்டேன். ஐந்நூறு மில்லிக்கு நேராக அவளே நகப்பூச்சால் கோடு போட்டிருக்கிறாள். சிறுநீர் அடியோடு நின்றுபோனவர்களுக்கு நாளொன்றுக்கு அவ்வளவுதான் திரவம், கூடிப்போனால் முக்கால் லிட்டர். கோப்பி, ரசம், கஞ்சி, மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் அதில் அடக்கம். மிஞ்சினால் அடுத்த தடவை எடை இயந்திரத்தில் ஏறும்போது காட்டிக்கொடுத்துவிடும். மிஞ்சியது முதலில் காலில் வீங்கும், பிறகு நெஞ்சில் தேங்கி மூச்சை அடைக்கும்.

பினாங்கு வெயிலில் அரை லிட்டர் என்றால் என்ன என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். அவள் காலையில் அந்தக் குவளையை நிரப்பி மேசையில் வைத்துவிடுவாள். எதைக் குடித்தாலும் அதே அளவு தண்ணீரை அதிலிருந்து வெளியே ஊற்றிவிடுவாள். மாலையில் குவளையில் எவ்வளவு மிச்சமோ அதுதான் அவளுடைய சொத்து. எலுமிச்சைச் சாற்றைப் பனிக்கட்டியாக உறையவைத்து, ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு நாடகம் பார்ப்பாள். பனிக்கட்டியும் தேங்காய்ப்பாலும் கலந்த செண்டோல் விற்கும் கடை வரிசையைத் தாண்டும்போது மட்டும் கார்க் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

இன்று அந்தக் குவளை நிறையத் தண்ணீர் பிடித்துக் குடித்தேன். தொண்டையில் இறங்கவில்லை.

இடது முன்கையில் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்திருந்தார்கள். ஃபிஸ்துலா என்பார்கள். இரத்தம் அதற்குள் பாய்கிற வேகத்தில் தோலுக்கடியில் ஓர் அதிர்வு இருந்துகொண்டே இருக்கும். விரல் வைத்தால் ரீங்காரம் போலத் தெரியும். ஒருநாள் அது நின்றுபோனால் இரத்தம் உறைந்துவிட்டது என்று பொருள், உடனே மருத்துவமனைக்கு ஓடவேண்டும். அவள் அதற்கு வண்டு என்று பெயர் வைத்திருந்தாள். தினமும் படுக்குமுன் கையை நீட்டுவாள். "வண்டு இருக்கிறதா?" நான் இரண்டு விரல் வைத்துப் பார்த்து, "இருக்கிறது" என்பேன். பிறகுதான் விளக்கை அணைப்போம்.

டிசம்பர் 20, வெள்ளிக்கிழமை, நாலரைக்கு எழுப்பப் போனேன். கூப்பிட்டும் எழவில்லை. முதலில் கையைத்தான் தொட்டேன். வண்டு இல்லை. தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்கிறது.

14 ஜனவரி, செவ்வாய்

பொங்கல். இந்த வருடம் நம் வீட்டில் பானை ஏறாது. எதிர்வீட்டு அக்கா கோலத்தைச் சிறியதாகப் போட்டிருந்தார், எங்களுக்காக. கேட்காமலே செய்ததை நினைத்து நெடுநேரம் வாசலில் நின்றேன்.

16 ஜனவரி, வியாழன்

எடை எழுதும் நோட்டுப் புத்தகங்கள், மொத்தம் ஏழு. முன் எடை, பின் எடை, இரத்த அழுத்தம், எடுத்த நீர். இதெல்லாம் எனக்குத் தெரியும், பாதிக்குப் பாதி நான்தான் எழுதினேன். எனக்குத் தெரியாதது ஓரத்தில் பென்சிலில் இருக்கிறது.

"மிஸ்ஸி இன்று ஊசி வலிக்காமல் குத்தினாள். சொல்லவேண்டும்." "ஜன்னல் நாற்காலியைச் சீனப் பெரியவர் விட்டுக்கொடுத்தார். பாக்கி." "மாக் சிக் கால் பிடித்துவிட்டார், தசைப்பிடிப்பு. பாக்கி." "துப்புரவுக்கார அம்மா சிரித்தாள். பாக்கி."

மிஸ்ஸி என்றால் தாதி, மாக் சிக் என்றால் அங்கே சிகிச்சைக்கு வரும் மலாய் அம்மா. தீர்த்ததும் ஒரு கோடு போட்டு அடித்திருக்கிறாள். அவள் அப்பா ஆயர் ஈத்தாமில் மளிகைக் கடை வைத்திருந்தவர், கடன் பேரேடு எழுதியே வளர்ந்தவள். பெரும்பாலானவை அடிபட்டிருக்கின்றன. கடைசி நோட்டில் பதினொன்று அடிபடாமல் நிற்கின்றன.

ஏழு நோட்டிலும் என் பெயரைத் தேடினேன். இல்லை. தேடினேன் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

17 ஜனவரி, வெள்ளி

மையத்துக்குப் போனேன். பிரிக்காத மாத்திரைப் பெட்டிகளைத் திருப்பிக் கொடுக்கப் போவதாக எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அவள் நாற்காலியில் வேறொருவர் இருந்தார். இருபத்தெட்டு, இருபத்தொன்பது வயது இருக்கும், தமிழ்ப் பையன். கழுத்தின் கீழே குழாய். எனக்குக் கோபம் வந்தது. நான்கே வாரம்தான் ஆகியிருக்கிறது! நாற்காலியைக் காலியாக வைத்திருக்க முடியாது, காத்திருப்போர் பட்டியல் நீளம், எல்லாம் தெரியும். தெரிந்தும் கோபம் வந்தது. அந்தப் பையன் என்னைப் பார்த்து எழ முயன்றான், எழ முடியாது என்பதை மறந்து.

மாக் சிக் தூரத்திலிருந்தே கையை நீட்டினார். ஊசி இல்லாத கை. பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசவில்லை. நான்தான் அரைகுறை மலாயில், கால் பிடித்துவிட்டதற்கு என் மனைவி நன்றி சொல்லச் சொன்னாள் என்றேன். அவர் அழுதுவிட்டார். மிஸ்ஸியிடமும் சொன்னேன். துப்புரவுக்கார அம்மாவிடம் சொன்னபோது, எந்தச் சிரிப்பு என்று அவருக்கு நினைவில்லை.

சீனப் பெரியவர் நாற்காலியில் இல்லை. புதன்கிழமையும் வரவில்லையாம். மகன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான், வாடகைக் காருக்குப் போக வர முப்பது ரிங்கிட் ஆகிறது. ஒரு தடவை தப்பினாலே உடம்பு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். முகவரியை வாங்கிக்கொண்டு நேரே ஜெலுத்தோங்குக்கு ஓட்டினேன். முகம் வீங்கி, தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மத்தியானச் சுற்றில் இடம் பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

நோட்டில் நான்கு கோடுகள் போட்டேன்.

20 ஜனவரி, திங்கள்

நாலரைக்கு எழுந்தேன், எழுந்ததற்கு ஒரு காரணம் இருந்தது.

பெரியவர் முன் இருக்கையில் ஏறி, கால் நீட்ட வசதியாக இருக்கையைப் பின்னுக்குத் தள்ளினார். "டக்" என்று சத்தம். ஆறு வருடம் அவள் உயரத்துக்கு இருந்த இடம். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தேன். அவர் சாலாவா, தப்பா, என்று மலாயில் கேட்டார். இல்லை என்றேன். வீடு திரும்பிய பிறகு இருக்கையைப் பழைய இடத்துக்கு நகர்த்திப் பார்த்தேன். எந்தப் பல்லில் நின்றது என்று பிடிபடவில்லை.

10 பிப்ரவரி, திங்கள்

மூன்று வாரமாகப் பெரியவருடன், அவள் நாற்காலியில் இருந்த அந்தத் தம்பியும் வருகிறான். பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை, நான் ஓய்வுபெறும்வரை வேலை பார்த்ததும் அந்த வட்டாரத்தில்தான். சர்க்கரை நோய் இருப்பதே தெரியாமல் இருந்திருக்கிறான். இந்நாட்டில் பெரியவர்களில் ஆறில் ஒருவருக்குச் சர்க்கரை என்று 2023 சுகாதார ஆய்வு சொல்கிறது. தங்களுக்கு இருப்பது தெரியாதவர்கள் அதில் எத்தனையோ பேர்.

நாளை தைப்பூசம், இன்று ரதம் புறப்பாடு. சாலைகள் மூடுவார்கள் என்று நாலு மணிக்கே கிளம்பிவிட்டோம். போவதில் சிக்கலில்லை, திரும்பும்போது மாட்டிக்கொண்டோம். சரி, இறங்கிப் பார்ப்போம் என்று பெரியவர்தான் சொன்னார். முச்சந்தி முழுக்கத் தேங்காய் குவியல். நம்மவர்களோடு சீனர்களும் வரிசையாக நின்று உடைத்தார்கள், பினாங்கில் அது எப்போதும் உள்ளது. உடைந்த ஓடுகளை இயந்திரத்தால் வாரி ஒதுக்க ஒதுக்க ரதம் அடியடியாக நகர்ந்தது. வெள்ளி ரதம் 1894இல் இங்கு வந்தது. 2017இலிருந்து தங்க ரதமும் உண்டு. நான் ரதத்தைப் பார்த்தேன், கும்பிடவில்லை. கும்பிட வரவில்லை.

தெருவெல்லாம் இளநீர் வாசனை. தம்பி உதட்டை நனைத்துக்கொண்டான். "அங்கிள், ஒரே ஒரு வாய்." முடியாது என்றேன். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரகம் செயலிழந்தவருக்கு அது இதயத்தையே நிறுத்திவிடும். பெலிம்பிங் என்கிற நட்சத்திரப் பழமும் ஆகாது, நினைத்துக்கூடப் பார்க்காதே என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவன் வீடு வரை பேசவில்லை. எனக்கு வேறொரு முகம் கண்ணில் நின்றது.

11 பிப்ரவரி, செவ்வாய்

துக்க வருடத்தில் மலைக்கோயில் ஏறுவதில்லை. தண்ணீர்மலையில் 513 படிகள். நோய் வருவதற்கு முன் ஒரு வருடம் அவள் பால்குடத்தோடு ஏறினாள், நான் பின்னால் செருப்பைச் சுமந்துகொண்டு ஏறினேன்.

கீழே தண்ணீர்ப் பந்தலில் ஆள் போதவில்லை என்று நண்பர் அழைத்தார். பந்தலில் நிற்க வழக்கம் தடுக்காது என்றார். விடியற்காலை மூன்று மணியிலிருந்து மத்தியானம் வரை தண்ணீரும் மோரும் ஊற்றிக்கொடுத்தேன். காவடி எடுத்து இறங்கியவர்கள், பிள்ளையைத் தோளில் போட்ட அப்பாக்கள், வழி தவறிய வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகள், யார் வந்தாலும் அதே வேகத்தில் வாங்கி அதே வேகத்தில் குடித்தார்கள். ஒரு மனிதர் தண்ணீர் குடிப்பதை இவ்வளவு அருகில், இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. தொண்டை ஏறி இறங்கும். கண்ணை மூடிக்கொள்வார்கள்.

பத்து மணி இருக்கும். மஞ்சள் புடவை, ஐம்பத்தைந்து வயது. குவளையைக் காலி செய்துவிட்டு நீட்டினார். "ஐயா, இன்னும் ஒரு மடக்கு?"

நான் செம்பைக் கீழே வைத்துவிட்டுப் பந்தலுக்குப் பின்னால் போய்விட்டேன்.

டிசம்பர் 19, வியாழன் இரவு அவள் இதையேதான் கேட்டாள். இதே சொற்கள். குவளை காலியாகிவிட்டது, நாளைக்கு டயாலிசிஸ் இருக்கிறது, பொறுத்துக்கொள் என்றேன். அவள் சரி என்றாள். கையை நீட்டினாள், வண்டு இருக்கிறது என்றேன், விளக்கை அணைத்தேன். இதை மகளிடம் சொன்னதில்லை. யாரிடமும் சொன்னதில்லை. ஒரு மடக்கு. இருபது மில்லி இருக்குமா?

நண்பர் வந்து பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பினேன். அந்த அம்மா இன்னும் அங்கேயே நின்றிருந்தார். நிறைத்துக் கொடுத்தேன். அவர் கேட்டதற்கு மேல் இன்னொரு தடவையும்.

23 பிப்ரவரி, ஞாயிறு

மகள் பேசினாள். "அம்மா போன பிறகும் எதற்கப்பா அதே இடம், அதே வாசனை? இங்கே வந்து இருங்கள்." நியாயமான கவலை. அவளிடம் அந்த வியாழக்கிழமையைச் சொன்னேன். நெடுநேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை. பிறகு, "நானும் போன தீபாவளிக்கு இரண்டு தடவை மறுத்தேன் அப்பா, அம்மா பாயசம் கேட்டபோது" என்றாள். இருவரும் அழுதோம். அம்மா இறந்த பிறகு நாங்கள் சேர்ந்து அழுதது இதுதான் முதல் தடவை. காரியத்தின்போது ஆளுக்கொரு மூலையில் வேலை செய்துகொண்டிருந்தோம்.

மறுத்தது தவறா என்ற கேள்வி தீரவில்லை. ஆறு வருடம் மறுத்ததால்தான் ஆறு வருடம் இருந்தாள் என்கிறாள் மகள். இருக்கலாம். அந்த ஒரு மடக்குக்கு அந்தக் கணக்கு பொருந்தவில்லை.

31 மார்ச், திங்கள்

நோன்புப் பெருநாள். இயந்திரங்களுக்கு விடுமுறை கிடையாது. மாக் சிக் பாஜு கூரோங் என்கிற மலாய் உடையில், புதியதில் வந்து, கைமடிப்பைச் சுருட்டி ஊசிக்குக் கை கொடுத்தார். எனக்கு ஒரு பெட்டி பலகாரம். நோட்டில் இது புதிய பாக்கி, என் கையெழுத்தில்.

பழைய பதினொன்றில் ஒன்று மட்டும் நிற்கிறது: "மழையில் குடை பிடித்த பையன்." யார் என்று மையத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. அடிக்காமல் விட்டிருக்கிறேன்.

14 ஏப்ரல், திங்கள்

சித்திரைப் புத்தாண்டு. நாலரை, நாலே முக்கால், ஜெலுத்தோங், பிறகு தம்பியின் அடுக்குமாடி.

பிப்ரவரி கடைசியில் அவனுக்குக் கையில் ஃபிஸ்துலா வைத்தார்கள். பழுத்து வரச் சில வாரமாகும் என்றார்கள். இன்றுதான் முதல் தடவை கழுத்துக் குழாயை விட்டுக் கையில் ஊசி. பின் இருக்கையில் ஏறியவன் கைச்சட்டையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டே வந்தான். சிவப்பு விளக்கில் நின்றபோது, இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே கையை நீட்டினான்.

"அங்கிள், காலையிலிருந்து தொட்டுத் தொட்டுப் பார்த்து எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீங்கள் பாருங்கள், ஏதாவது தெரிகிறதா?"

இரண்டு விரல் வைத்தேன். அழுத்தக் கூடாது, சும்மா வைத்தால் போதும். பெரியவரும் திரும்பிப் பார்த்தார். முதலில் என் விரல் நடுக்கம்தான் எனக்குத் தெரிந்தது. பிறகு அதற்கு அடியில், மெல்ல, விடாமல்.

"வண்டு இருக்கிறது" என்றேன்.

"என்ன வண்டு?"

விளக்கு பச்சைக்கு மாறியது. போகும் வழியில் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்தேன்.