மணிக்கட்டோட நிறுத்திடாதீங்க

ரெண்டு கையிலயும் கார்பல் டன்னல் (மணிக்கட்டுல நரம்பு நசுங்கறது) ஆபரேஷன் முடிஞ்சும் மரத்துப்போறது நிக்கல, பாதத்துல எரிச்சல், எழுந்து நின்னா தலைசுத்தல், எடையும் குறைஞ்சுக்கிட்டே வருதுன்னு ஒருத்தர் வந்தா, அது பரம்பரை அமிலாய்டு நோயா இருக்கலாம், அதனால அல்ட்ராசவுண்ட்ல நரம்பு ஸ்கேன் பண்ற நாம மணிக்கட்டோட ப்ரோபை (தோல்மேல வச்சு நகர்த்தற ஸ்கேன் கருவியை) எடுத்துடக்கூடாது, அவ்வளவுதான் நான் சொல்ல வர்றது.

பரம்பரை அமிலாய்டு நோய்ல டிடிஆர் ஜீன் மாறிப்போய், கல்லீரல்ல உண்டாகிற ட்ரான்ஸ்தைரெட்டின் புரதம் தப்பா மடிஞ்சு அமிலாய்டா நரம்புலயும் இதயத்துலயும் படிஞ்சுடுது. போர்ச்சுகல் டாக்டர் கொரினோ டி ஆண்ட்ராடே 1952லயே விவரமா எழுதிட்டார், இருந்தும் இன்னிக்கும் பல பேருக்கு கண்டுபிடிக்க வருஷக்கணக்கா ஆகுது.

சாதா கார்பல் டன்னல்ல மீடியன் நரம்பு மணிக்கட்டுல தடிச்சிருக்கும், அங்க நரம்போட குறுக்குவெட்டுப் பரப்பளவு 10 சதுர மில்லிமீட்டரைத் தாண்டினா சந்தேகப்படுவோம், ஆனா முன்கைக்கு மேல போகப்போக நார்மலாயிடும். அமிலாய்டுல அப்படியே முழங்கையைத் தாண்டி மேல்கை வரைக்கும் ப்ரோபை நகர்த்திப் பாருங்க, அங்கயும் நரம்பு கொஞ்சம் பருத்திருக்கலாம். கொஞ்சம்தான், அதனால அளக்கறதுல கவனம் வேணும்: ப்ரோப் சாஞ்சா நரம்பு கருத்துப்போய் விளிம்பே தெரியாது, அழுத்தினா வடிவம் மாறிடும், வெள்ளை விளிம்புக்கு உள்பக்கமாத்தான் கோடு போடணும்.

இதுல ஒரு சிக்கல், மேல்கையில நரம்பு பருக்கறது சிஐடிபிலயும் (நம்ம எதிர்ப்பு சக்தியே நரம்போட உறையைத் தாக்கற நோய்) உண்டு. அதுல பொதுவா இன்னும் அதிகமா, அங்கங்க திட்டுத்திட்டா பருக்கும், ஆனா ஸ்கேனை மட்டும் வச்சு பிரிச்சு சொல்லிடமுடியாது. சிஐடிபின்னு முடிவு பண்ணி ஐவிஐஜி (நரம்பூசி வழியா ஏத்தற ஆன்டிபாடி மருந்து) ஏத்திக்கிட்டே இருந்து கேக்காம போனவங்களுக்குக் கடைசியில இந்த நோய்னு தெரியவந்ததெல்லாம் நடந்திருக்கு, அந்த வருஷங்கள்ல நரம்பு கெட்டது கெட்டதுதான், அதை நினைச்சா மனசு ஆறமாட்டேங்குது.

ஸ்கேன் நார்மல்னு வந்தாலும் நிம்மதியாயிடாதீங்க. முதல்ல அடிபடறது பெரும்பாலும் ரொம்ப மெல்லிய நார்கள், அது அல்ட்ராசவுண்ட்லயும் தெரியாது, நரம்புல மின்தூண்டல் எப்படிப் போகுதுன்னு பாக்கற நர்வ் கண்டக்ஷன் டெஸ்ட்லயும் சிக்காது. படிஞ்ச அமிலாய்டும் நேரடியா படத்துல தெரியாது. உறுதி பண்ண ஜீன் டெஸ்ட்தான், தேவைப்பட்டா திசுவை எடுத்துப் பாக்கற பயாப்சி, அதுவும் படிவு திட்டுத்திட்டா இருக்கறதால தவறிப்போகலாம்.

2018ல பாடிசிரான்ங்கற மருந்து வந்ததுல இருந்து நோயோட வேகத்தைக் குறைக்க நல்ல வழி இருக்கு, சீக்கிரம் ஆரம்பிச்சாதான் முழுப்பலன். அதனால ரிப்போர்ட்ல மேல்கை அளவையும் ரெண்டு பக்கத்துக்கும் எழுதுங்க, அம்மா அப்பா கூடப்பொறந்தவங்கள்ல யாருக்காவது நரம்புப் பிரச்சினையோ இதயப் பிரச்சினையோ இருந்துச்சான்னு கேட்டு, இருந்தா ஜீன் டெஸ்ட் யோசிக்கலாம்னு கீழ ஒரு வரி சேருங்க.