மணல் யாட்டும் உறுப்பினரின் சத்தியக்கடதாசியும்

மணல் அகழ்வுக்கு எதிராக எங்கள் பக்கம் நடந்த ஆர்ப்பாட்டங்களில் அவர் எப்போதும் முன்வரிசை. பிரதேச சபை உறுப்பினர். "ஆத்தக் காப்பாத்தாம நித்திர கொள்ள மாட்டன்" என்று மைக்கில் கத்தியதை நானே போனில் பிடித்து வைத்திருக்கிறேன். வீதியோரம் முளைத்த மணல் யாட்டுக்கு, அதாவது மணலைக் குவித்து விற்கிற இடத்துக்கு, வியாபார உரிமம் கொடுக்கச் சபையில் முன்னின்றவரும் அவர்தான் என்று மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற எங்கள் படுவான்கரை முழுக்கக் கதை அடிபட்டது.

மேடையில் விட்ட பொய்க்கு யாரையும் உள்ளே போட முடியாது. போடலாம் என்றால் சபைகளில் கதிரைகள்தான் மிஞ்சும். ஆனால் அவர் ஒரு பொய்யைச் சத்தியக்கடதாசியில் எழுதி, சமாதான நீதவான் முன்னால் கையெழுத்து வைத்து, நீதிமன்றத்துக்கும் கொடுத்துவிட்டார். இந்த அனுபவம் அந்தக் கடதாசியைப் பற்றியது.

பள்ளிக்கூட நேரத்தில் டிப்பர் ஓடுவது, புழுதி, உடைந்த மதகு எல்லாவற்றையும் சேர்த்து, குற்றவியல் நடபடிமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின் கீழ், பொதுத் தொல்லை என்று நீதவான் நீதிமன்றத்தில் வழக்கு வைத்தோம். யாட்காரரோடு இவரையும் எதிராளியாகப் போட்டோம். அவருடைய சத்தியக்கடதாசியில் ஒரு பந்தி: அந்த உரிமம் பேசப்பட்ட கூட்டத்துக்குத் தான் போகவே இல்லை, அதை ஒருபோதும் ஆதரிக்கவுமில்லை.

எங்கள் சட்டத்தரணி அந்தப் பந்தியின் கீழ் பென்சிலால் கோடு போட்டார். "கூட்டறிக்கைய எடுங்கோ" என்றார், சபைக் கூட்டத்தில் நடந்ததைப் பதிந்து வைக்கிற அறிக்கையை. வேறொன்றும் சொல்லவில்லை.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பிரதேச சபைக்கு விண்ணப்பித்தேன். இதற்குச் சட்டத்தரணி வேண்டியதில்லை, தமிழில் ஒரு கடிதம் போதும். என்ன கேட்கிறோம் என்பதில்தான் சூட்சுமம். "இந்த உரிமத்தை ஏன் கொடுத்தீர்கள்?" என்று கேட்டால் அரைப் பக்கத்துக்கு மழுப்பல் வரும். ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். இன்ன மாதக் கூட்டத்தின் வரவுப் பதிவேட்டுப் பக்கம், அந்தக் கூட்டத்தின் முழு அறிக்கை, இரண்டும் உறுதிப்படுத்திய பிரதியாக வேண்டும் என்று எழுதினேன்.

சபை அலுவலகத்தில் கடிதத்தை வாங்கிய பிள்ளை, "அண்ணன், உங்களுக்கு என்னத்துக்கு இது?" என்று கேட்டார். காரணம் சொல்லத் தேவையில்லை என்று சட்டத்திலேயே இருக்கிறது என்றேன். அவர் பெரியவரைப் பார்த்தார், பெரியவர் மின்விசிறியைப் பார்த்தார். கடிதம் கிடைத்ததாகத் துண்டு தராமல் நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. அந்தத் துண்டு இல்லாவிட்டால் பிறகு மேன்முறையீட்டில் நாளை எங்கிருந்து எண்ணுவது?

பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லவில்லை. அடுத்த பதினான்கு நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. எங்கள் சபையில் அந்த அலுவலர் தவிசாளரேதான், உறுப்பினரும் அவரும் ஒரே கட்சி! ஆனாலும் எழுதினேன், ஏனென்றால் அந்தப் படியைத் தாண்டாமல் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போக முடியாது. ஆணைக்குழு என்ற சொல்லைக் கடிதத்தில் கண்டதாலோ என்னவோ, பிரதிகள் வந்து சேர்ந்தன. முதல் நாலு பக்கம் இலவசம், அதற்கு மேல் ஒரு பக்கப் பிரதி இரண்டு ரூபாய்.

வரவுப் பதிவேட்டில் அவருடைய கையெழுத்து, கீழே இரட்டைக் கோடு இழுத்து. அது போலி என்று சொல்லித் தப்பப் பார்ப்பார் என்பது எங்களுக்குத் தெரியும். கூட்டறிக்கை அதற்கும் இடம் வைக்கவில்லை. யாட் உரிமத்தை முன்மொழிந்தவர் என்று அவருடைய பெயர். இரண்டு விடயம் தள்ளி, தன் வீட்டு ஒழுங்கைக்குத் தெருவிளக்கு கேட்டதும் அவரே. கூட்டத்துக்கே போகாதவர் விளக்குக் கேட்டிருக்கிறார். பக்கத்துக்குப் பக்கம் ஊதா மையில் சபையின் சீல் வேறு.

இதெல்லாம் எங்கே போய் முடியும் என்று ஊரில் சிரித்தவர்களுக்கு நான் 2024 மே 8ஐச் சொல்வேன். அன்றுதான் டயானா கமகே பிரித்தானியப் பிரஜை, பாராளுமன்ற உறுப்பினராக இருக்கத் தகுதியற்றவர் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இராஜாங்க அமைச்சராக இருந்தவரின் ஆசனம், ஒரு சமூகச் செயற்பாட்டாளர் தொடுத்த வழக்கில் போனது.

பிரதிகளை இணைத்து நாங்கள் எதிர்ச் சத்தியக்கடதாசி போட்டோம். அடுத்த தவணையில் அவருடைய சட்டத்தரணி எழும்பி, தன் கட்சிக்காரருக்கு ஞாபகப் பிசகு, அந்தப் பந்தியைத் திருத்த அனுமதி வேண்டும் என்றார். ஞாபகப் பிசகாம்! மைக்கில் 1978 சூறாவளியைப் பற்றிக் கதை கதையாகச் சொல்கிற மனிசன்.

நீதிமன்ற நடவடிக்கையில் பொய்ச்சாட்சியம் என்றால் தண்டனைச் சட்டக்கோவை 190ஆம் பிரிவில் ஏழு வருடம் வரை சிறை இருக்கிறது. அப்படியென்றால் நேரே பொலிசுக்குப் போகலாம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அப்படிப் போக முடியாது என்று சட்டத்தரணி விளக்கினார். நீதிமன்றமே முறைப்பாடு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் சட்டமா அதிபரின் முன் அனுமதி வேண்டும். தோற்ற ஒவ்வொருவரும் வென்றவர் மேல் பொய்ச்சாட்சிய வழக்குப் போடாமல் இருக்கத்தான் இந்தத் தடை. அது நியாயம்தான். ஆனால் எழுத்தில் அகப்பட்ட ஒரு மக்கள் பிரதிநிதிக்கு அதே தடை நல்ல நிழலாகவும் இருக்கிறது. இரண்டு கதவையும் தட்டியிருக்கிறோம்: நீதிமன்றத்தில் ஒரு விண்ணப்பம், சட்டமா அதிபர் திணைக்களத்துக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம். உள்ளூராட்சி உறுப்பினர்களும் 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் சொத்து விபரம் கொடுக்க வேண்டியவர்கள். யாட்டில் அவருக்குப் பங்கு இருப்பதாக ஒரு துண்டுக் கடதாசி கிடைத்தாலும் அந்த வழியையும் பார்ப்போம். வெறும் வாய்க்கதையோடு போகமாட்டோம்.

வியாபார உரிமம் டிசம்பர் 31ஓடு முடிகிறது. யாட்காரர் புதுப்பிக்கக் கேட்டபோது உறுப்பினர் எழும்பி எதிர்த்தாராம், தன் எதிர்ப்பைப் பெயரோடு கூட்டறிக்கையில் போடச் சொல்லிச் செயலாளரிடம் அடம்பிடித்தாராம். அந்த அறிக்கைக்கும் கடிதம் கொடுத்தாயிற்று. சட்டமா அதிபர் திணைக்களத்திலிருந்து இன்னும் பதில் இல்லை. வழக்கு அடுத்த தவணைக்குப் போயிருக்கிறது.