‘பயன்படும் உறுப்பு’ என்ற அந்த ஒரு வரி

சித்த மருத்துவத்தின் மருந்துப்பொருள் பாடமான குணபாடத்தில் ஒவ்வொரு மூலிகைக்கும் கீழே ‘பயன்படும் உறுப்பு’ என்று ஒரு வரி வரும். இலை, பட்டை, வேர், சமூலம் (முழுச்செடி) என்று இருக்கும், பாடமாக்கிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவோம். நானும் திருகோணமலைக்குச் சித்த மருத்துவம் படிக்க வந்த முதல் வருடம் அப்படித்தான் படித்தேன். இறுதி ஆண்டு ஆய்வுக்கு ஆடாதோடையின் இலை, தண்டு, வேர் மூன்றையும் ஒப்பிட எடுத்தபோதுதான் அந்த வரிக்குள் எவ்வளவு இரசாயனம் இருக்கிறதென்று விளங்கியது. அடுத்த பட்ச் தம்பி தங்கச்சிமாருக்காக எழுதுகிறேன்.

முதலில் கறுவாவில் தொடங்குங்கள். மாத்தறைக்குப் போன சிநேகிதி ஒருத்தி இலை, பட்டை, வேர்ப்பட்டை மூன்றும் கொண்டுவந்து தந்தாள். இலையைக் கசக்கினால் கராம்பு மணம், பட்டையைச் சுரண்டினால் நமக்குத் தெரிந்த கறுவா மணம், வேர்ப்பட்டையில் கற்பூர மணம். இலை எண்ணெயில் யூஜினோல் அதிகம், கராம்பிலும் அதுதான் பிரதானம். பட்டை எண்ணெயில் சின்னமால்டிகைட்டு, வேர்ப்பட்டை எண்ணெயில் கற்பூரம். ஒரே மரம்! இந்த மூன்று மணமும் மூக்கில் நின்றுவிட்டால் பரீட்சையில் இந்தக் கேள்வி எப்படித் திருப்பி வந்தாலும் எழுதலாம்.

ஆனால் எது எங்கே இருக்கிறதென்று மட்டும் எழுதினால் பாதி விடைதான். எங்கே உருவாகிறது, எங்கே சேர்கிறது, செடிக்கு அது எதற்கு என்று மூன்றையும் கேட்டுப் பாருங்கள். புகையிலையில் நிக்கொட்டீன் உருவாவது வேரில், சேர்வது இலையில். தக்காளி வேரில் புகையிலைத் தண்டை ஒட்டினால் அந்த இலையில் நிக்கொட்டீன் கிட்டத்தட்ட இராது, மறுபக்கம் புகையிலை வேரில் ஒட்டிய தக்காளியின் இலைக்கு நிக்கொட்டீன் ஏறிவிடும். ஊமத்தையின் அல்கலொயிட்டுகளும் (நிக்கொட்டீன் போன்ற நைதரசன் கொண்ட காரச் சேர்மங்கள்) பெரும்பாலும் வேரிலிருந்து மேலே போகிறவைதான். வேம்பில் பூச்சியை விரட்டும் அசாடிராக்டின் விதைப் பருப்பில்தான் அதிகம், அடுத்த தலைமுறையைப் பூச்சி தின்னாமல் காக்க வேண்டுமே. பப்பாசியில் புரதத்தைச் சிதைக்கும் பப்பேன் நொதியம் காயின் பாலில் இருக்கிறது, பழுக்கப் பழுக்கக் குறைந்துவிடும். இறைச்சி அவிய வீட்டில் பழத்தை விட்டுக் காயைப் போடுவது அதனால்தான்.

சரி, ஆய்வுக்கு வருவோம். நான் விட்ட பெரிய பிழை போத்தல்களில் ‘ஆடாதோடை 1, 2, 3’ என்று மட்டும் எழுதியது. இலைத்தூள் பச்சை, பார்த்தாலே தெரியும். தண்டும் வேரும் அரைத்தபிறகு ஒரே மண்ணிறம், எது எதுவென்று எனக்கே தெரியவில்லை. திரும்பப் பிடுங்கி, கழுவி, நிழலில் காயவைத்து, இரண்டு கிழமை போய்விட்டது. உறுப்பு, பிடுங்கிய நாள், இடம், செடியின் பருவம் எல்லாவற்றையும் போத்தலிலேயே எழுதுங்கள்.

மூன்று உறுப்பையும் ஒரே செடியில், ஒரே நாளில் எடுங்கள், இல்லையென்றால் நீங்கள் காண்பது உறுப்பின் வித்தியாசமா பருவத்தின் வித்தியாசமா என்று வைவாவில் (வாய்மொழிப் பரீட்சையில்) கேட்பார்கள். நிறுப்பது உலர்ந்த நிறையாக இருக்க வேண்டும், பச்சை இலையில் பெரும்பகுதி தண்ணீர். எல்லாத் தூளையும் ஒரே அரிதட்டில் அரியுங்கள், வேர் கரடாக இருந்தால் கரைப்பான் உள்ளே போகாது, அப்புறம் வேரில் குறைவு என்று தவறாக எழுதிவிடுவோம். கார்த்திகை, மார்கழி மழையில் இங்கே வேர் காய்வதற்குள் பூஞ்சணம் பிடித்துவிடும், ஆகவே ஆனி, ஆடியில் சேகரித்து முடியுங்கள்.

இலையில் இன்னொரு சிக்கல், பச்சையம் சோதனை நிறத்தை மறைக்கும். எதனோல் சாற்றை ஆவியாக்கி, மீதியை ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில் எடுத்து வடித்தால் பச்சை வடிதாளிலேயே நின்றுவிடும். அந்தத் தெளிந்த வடிதிரவத்தில் அல்கலொயிட்டைக் கண்டறியும் டிராகென்டோர்ஃப் கரைசல் இரண்டு துளி விட்டேன், செம்மஞ்சள் வீழ்படிவு புகைபோல இறங்கி அடியில் படிந்தது. ஆடாதோடை இலையின் வாசிசின் அல்கலொயிட்டு, சளியிளக்கும் புரொம்எக்சின் மருந்து பிறந்த மூலக்கூறு அதுதான். வேர்ச் சாற்றில் எனக்குக் கலங்கல் மட்டுமே வந்தது. அன்றைக்குப் பின்னேரம் குறிப்புக் கொப்பியைத் திறந்து ஆடாதோடைப் பக்கத்தில் ‘பயன்படும் உறுப்பு: இலை’ என்பதை மறுபடி வாசித்தேன்.