அமாவாசைக்கு ஆறு நாள், பௌர்ணமிக்கு ஆறு நாள்

நம்ம பள்ளிப் பழைய மாணவர் மலருக்கு நம்ம ஊர் வரலாற்றை எழுதித் தாருங்கள் என்று சங்கத்தில் கேட்டதும் ஒரு வாரம் எதுவும் ஓடவில்லை. பக்கத்துப் பெரியபட்டினத்தில் மண்ணைத் தோண்டினால் சீனப் பீங்கான் ஓடு கிடைத்தது, அவ்வளவு பழைய துறைமுகம். மேற்கே போனால் சேதுக்கரை, திருப்புல்லாணி, கீழக்கரை. இத்தனை பெரிய பெயர்களுக்கு நடுவே நம்ம ஊருக்குக் கல்வெட்டும் கிடையாது, கோட்டையும் கிடையாது. பனங்காடு, மணல், ஓர் ஊரணி, நம்ம பள்ளிக்கூடம், அதைத் தாண்டினால் கடல்.

ஆனால் ஊருக்கு ஒரு காலக்கணக்கு இருந்தது. எல்லாமே புயலுக்கு முந்தி, புயலுக்குப் பிந்தி. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன அந்தப் புயல்தான். என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது அம்மா "புயலுக்கு அஞ்சு வருசம் கழிச்சுப் பொறந்தவ சார்" என்றுதான் சொன்னார், சாரும் அதைக் கணக்குப் போட்டு ஜூன் மாதத்தில் ஒரு தேதியை எழுதிக்கொண்டார். என் பாஸ்போர்ட்டில் இன்றைக்கும் அந்தத் தேதிதான். உங்களில் பாதிப் பேருக்கும் ஜூனில்தான் பிறந்தநாள் என்று எனக்குத் தெரியும்.

இன்னொரு காலக்கணக்கு நிலா. ஆண்கள் வலைக்குப் போவார்கள், பெண்கள் பாசிக்கு, அதாவது கடல்பாசி எடுக்க, போவார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் நன்றாக வத்தும், பாறையில் பாசி கைக்கெட்டும். விடிகிற நேரத்தில் அம்மா விரல் விரலாகப் பழைய துணியைச் சுற்றி நூலால் கட்டிக்கொள்வார், கடைசி முடிச்சை மட்டும் பல்லால் இழுப்பார், ஏனென்றால் அதற்குள் இரண்டு கையும் துணிக்குள் போயிருக்கும். இடுப்பில் வலைப்பை. மூச்சைப் பிடித்து முங்கினால் மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்துக்கொண்டுதான் மேலே வருவார். மணலில் காயப்போட்டால் வியாபாரி எடை போட்டு எடுத்துப் போவார். அதிலிருந்து அகர் காய்ச்சுகிறார்கள், அது ஐஸ்கிரீமில் சேர்கிறது என்பதெல்லாம் ஊரை விட்டு வந்த பிறகு நான் தெரிந்துகொண்டது. ஊரில் எங்களுக்கு அது நோட்டு, பாவாடை, அரிசி.

அந்த நாட்களில் பெண் பிள்ளைகளின் பெஞ்ச் காலியாகிவிடும். பன்னிரண்டு வயதில் நானும் போனேன், பவளப்பாறை கீறிய தழும்பு இடது முழங்காலில் இருக்கிறது. நாங்கள் பாசிக்குப் போவதை ஆஜர் பதிவேட்டைப் பார்த்தே கண்டுபிடித்தவர் நம்ம கணக்கு சார். யாரையும் திட்டவில்லை. அதற்கப்புறம் பரீட்சைகளை அஷ்டமி, நவமி பக்கமாக மாற்றி வைத்தார். நல்ல காரியம் எதுவும் தொடங்காத நாட்கள் அவை, ஆனால் அப்போது தண்ணீர் அவ்வளவாக வத்தாது, அதனால் நாங்கள் வகுப்பில் இருப்போம். நான் பத்தாவது தாண்டியதற்கு அந்த ஒரு மாற்றம்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்வேன்.

பத்தாவது எழுதிய 1985-இல்தான் பழைய ராமநாதபுரம் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். சுவரில் தொங்கிய வரைபடம் ஒரே நாளில் பழசாகிப்போனது. மறுவருடம் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா ஆயின. முள்ளித் தீவு, அப்பா தீவு என்று நாங்கள் வீட்டுக் கொல்லை மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்த இடங்களில் இனி கால் வைக்கக்கூடாது. பவளம் காப்பாற்றப்பட வேண்டும்தான், அதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை. ஆனால் ஒருமுறை வனத்துறைக்காரர்கள் அம்மாவின் பாசிப் பையைக் கரையிலேயே பிடுங்கிக்கொண்டார்கள். அன்று அவர் ஈரச் சேலையோடு நின்ற நிற்பு என் கண்ணை விட்டுப் போகவில்லை.

அப்புறம் நடந்ததுதான் நான் எழுத வந்த வரலாறு. இந்தக் கரையோரப் பெண்கள் தாங்களே கூடிப் பேசி ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் பாசி, அமாவாசையை ஒட்டி ஆறு, பௌர்ணமியை ஒட்டி ஆறு. இரும்பால் சுரண்டக்கூடாது, கையால் பிய்க்க வேண்டும், அப்போதுதான் அடி நின்று மறுபடி தழைக்கும். இதற்கு முன்னால் நின்றவர்களில் ஒருவரான பாம்பன் சின்னப்பாலத்து லட்சுமி அக்கா 2015-இல் அமெரிக்கா போய், தீவுகளின் இயற்கையைக் காக்கிறவர்களுக்குத் தரும் சீகாலஜி பரிசு வாங்கினார். இணையத்தில் அந்தப் படத்தைப் பார்த்து நான் அழுதுவிட்டேன். கையெழுத்துப் போடத் தெரியாத நம் அம்மாக்கள் கடலுக்குச் சட்டம் எழுதியிருக்கிறார்கள், இதைவிட எந்தக் கல்வெட்டு நமக்கு வேண்டும்?

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த மலரில் நம்ம ஊரில் பாசிக்குப் போன அம்மாக்கள், அப்பத்தாக்கள் பெயர்களைத் தெருவாரியாக எழுதுவோம். ஆளுக்கு நாலு பெயர் அனுப்புங்கள், நான் தொகுக்கிறேன்.

போன விடுமுறையில் அம்மாவை ரேஷன் கடைக்குக் கூட்டிப்போனேன். மெஷினில் பத்து விரலையும் வைத்துப் பார்த்தாயிற்று, ரேகை விழவே இல்லை. கடைக்காரத் தம்பி அவர் கையைத் துடைத்து மறுபடி வைத்தான், அப்புறமும் இல்லை. அம்மா கொஞ்சமும் சலித்துக்கொள்ளாமல் என் பக்கம் திரும்பி, "ஆத்தா, இந்த மாசம் அமாவாசை என்னிக்கு?" என்றார்.