நான்காவது பாட்டில்

ஜூன் 4
மூன்று பாட்டில் தண்ணீர் குடித்தாயிற்று. இன்னும் ஒன்று பாக்கி.

ஜூன் 7
புதிதாக வந்திருக்கும் நர்ஸ், எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் கொடுப்பதுபோல எனக்கும் இரும்புச்சத்து மாத்திரை அட்டையை நீட்டினார். வேண்டாம் என்றேன். "ஹீமோகுளோபின் எட்டு பாயிண்ட்தான் இருக்கு, வேண்டாமா?" எனக்கு சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த வியாதி; எட்டு என்றால் அது நல்ல நாள். சிவப்பணுக்கள் சீக்கிரம் உடைகின்றனவே தவிர, இரும்பு குறையவில்லை; ஏற்றிய ரத்தத்தில் வந்ததே உடம்பில் சேர்ந்து கிடக்கிறது. ஃபோலிக் ஆசிட் 5 மில்லிகிராம் போதும் என்று டாக்டர் எழுதிய சீட்டைக் காட்டினேன். வாங்கிப் படித்தார், பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். இந்தியாவில் இந்த வியாதியை முதலில் கண்டுபிடித்ததே 1952இல், இதே நீலகிரியில்தான். இன்னும் நான்தான் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது.

ஜூன் 12
மழை. சாக்ஸ் காயவில்லை. அடுப்புக்கு மேலே கருவாடு மாதிரி தொங்குகின்றன.

ஜூன் 19
இன்று சிக்கிள் செல் தினமாம். கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. எனக்கு எஸ்எஸ், அதாவது வியாதியே; அவருக்கு ஏஎஸ், வியாதி இல்லை, பிள்ளைக்குக் கடத்த மட்டும் முடியும். பரிசோதனை கார்டைப் பார்த்துவிட்டுத்தான் கட்டிக்கொண்டோம். பிள்ளைக்கு வியாதி வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அத்தை, "பாதி நல்லதுதானே" என்கிறார். எந்தப் பாதி அத்தை?

ஜூன் 28
ஆஸ்பத்திரி. நேற்று ராத்திரி ஒரு மணிக்கு இடுப்பில் பிடித்தது. இந்த வலி வராமல் தடுக்கும் ஹைட்ராக்சியூரியா மாத்திரையைக் கர்ப்பத்துக்காக நிறுத்தியதிலிருந்தே பயந்துகொண்டிருந்ததுதான். ஆனால் இருட்டில் படுத்துக்கொண்டு வேறொன்றையும் யோசித்தேன்: இது சிக்கிள் செல் வலியா, பிரசவ வலியா? 25 வாரம்தான் ஆகிறது. பிரசவ வலி விட்டு விட்டு வரும் என்பார்கள். இது விடவே இல்லை. விடாததில் ஒரு நிம்மதி, பாருங்கள். ஜீப்பில் கூடலூர் வரும்வரை ஒவ்வொரு பள்ளத்தையும் எண்ணினேன். ஊசி, டிரிப், விரலில் கிளிப். ஆக்சிஜன் 93. "மூச்சு இழுத்தா நெஞ்சு குத்துதா?" என்று மணிக்கொரு தரம் கேட்டார்கள். இல்லை, இல்லை, இல்லை. விடியற்காலை உள்ளே இருந்து ஒரு உதை.

ஜூன் 29
ரத்தம் இரண்டு பை.

ஜூலை 16
ஸ்கேன். எடை கொஞ்சம் கம்மி. நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தத்தையும் பார்த்தார்கள். இரண்டு வாரத்தில் மறுபடி வரச் சொன்னார்கள். சித்தி பிள்ளை பெற்ற மறுநாள் 'ரத்தமில்லாமல்' போனாள் என்பதை அம்மா ஏன் இன்றைக்குச் சொல்ல வேண்டும்?

ஜூலை 21
பிறந்ததும் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு எடுப்பார்கள். கையில் வாங்கிப் பார்த்தால் ஒன்றும் தெரியாதாம். வயிற்றில் இருந்தபோது ஓடிய ரத்தம் சில மாதம் காப்பாற்றுமாம். அப்புறம்தான் வீக்கம், கை விரல்களில்.

என் கை விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 24
வெயில். சாக்ஸ் காய்ந்துவிட்டது. இரண்டாவது பாட்டில்.