நிமோ மீனில் விழுந்த கருப்பு

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவருக்கு மீன் உடம்பில் புதிதாக ஒரு நிறம் தெரிந்தாலே வயிற்றைக் கலக்கிவிடும். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீனைத்தான் நிமோ என்பார்கள். என் நிமோ ஜோடியில் பெரியதற்கு வாயோரத்திலும் விலாப் பக்கத்திலும் கருப்புத் திட்டுகள் விழுந்தபோது எனக்கும் அப்படித்தான். தெரிந்த மீன் கடை ஒன்றுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "நோய்தான் சார், உடனே காப்பர் போடுங்க" என்றார்கள். காப்பர் என்றால் தண்ணீரில் கலக்கும் செம்பு மருந்து. நான் போடவில்லை. தொட்டியில் அனிமோன் இருக்கிறது (பூ மாதிரி விரிந்து, நிமோ உள்ளே குடியிருக்கும் கடல் உயிர்), இறால் இருக்கிறது. காப்பர் பட்டால் இரண்டுமே தாங்காது. அதோடு, இன்ன நோய் என்று தெரியாமல் எதற்கு மருந்து?

முதலில் வெளிச்சத்தைச் சரி செய்ய வேண்டியிருந்தது. காரைக்குடியில் எங்களுடையது பழைய வீடு. தொட்டி இருக்கும் இடத்தில் சன்னலுக்கு மேலே கலர் கண்ணாடி. காலை வெயில் அதன் வழியே விழும்போது ஒரே மீன் ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் சிவப்பு. போதாததற்குத் தொட்டியின் நீல விளக்கு வேறு. அதனால் இருட்டிய பிறகு எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, வெள்ளை டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து அடித்துப் பார்த்தேன். நேரே அடித்தால் செதில் மினுங்கி ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில் அடித்தால், தோலுக்கு மேல் துருத்திக்கொண்டு எது இருந்தாலும் நிழல் விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். விளக்கை அணைத்த கையோடு பார்த்துவிட வேண்டும். பல இன மீன்கள் தூங்கும்போது தானாகவே வெளிறிப்போகும். அதை நோய் என்று நினைத்துப் பயந்தவர்கள் உண்டு.

திட்டுகள் தோலோடு தோலாக, மேடே இல்லாமல் இருந்தன. விரலால் கண்மையை இழுவிவிட்டது போல ஓரம் மங்கிக் கலைந்திருந்தது. இது பெரிய தடயம். வெண்புள்ளி நோய் என்றால் உப்புக் கல் ஒட்டியது மாதிரி தனித்தனியாக மேடாகத் தெரியும். வெல்வெட் என்ற ஒட்டுண்ணி நோய் என்றால் பொடி தூவியது மாதிரி மிக நுண்ணியதாக இருக்கும், மூச்சும் வாங்கும். நிமோக்களுக்கு அடிக்கடி வரும் புரூக்ளினெல்லா என்ற ஒட்டுண்ணி நோயில் தோல் மேல் சளி வெள்ளையாக உரிந்து தொங்கும். அதற்குக் காப்பர் கேட்காது, ஃபார்மலின் என்ற மருந்துதான். லிம்ஃபோசிஸ்டிஸ் வைரஸ் என்றால் துடுப்போரத்தில் காலிஃபிளவர் போலக் கட்டி வரும். எதுவுமே ஒத்துப்போகவில்லை. செவுள் அசைவை ஜோடி மீனோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், இரண்டும் ஒரே சீர். தீனியும் வழக்கம் போல எடுத்தது. தண்ணீரிலும் குறை இல்லை: அம்மோனியா பூஜ்யம், உப்படர்த்தி 1.025.

மிச்சமிருந்த சந்தேகம் கருப்புப் புள்ளி நோய். அது ஒரு தட்டைப்புழுவால் வருவது. டாங் என்ற கடல் மீன் வகையில்தான் அதிகம். உப்பில்லாத ஆர்ஓ (வடிகட்டிச் சுத்தம் செய்த) தண்ணீரைத் தொட்டியின் சூட்டுக்கும் பிஎச்சுக்கும் கொண்டுவந்து, காற்றுக் கல் போட்டு, மீனை ஐந்து நிமிடம் அதில் விட்டேன். புழு இருந்தால் நல்ல தண்ணீர் தாங்காமல் உதிர்ந்து அடியில் கிடக்கும். ஒன்றும் உதிரவில்லை.

விடையை எடுத்துக்கொடுத்தது அப்பத்தா. பகலெல்லாம் தொட்டிக்கு எதிரேதான் உட்கார்ந்திருப்பார்கள். "ஏப்பா, அந்தப் பூவுக்குள்ள போய்ப் படுக்க ஆரம்பிச்ச பொறவுதானே இது வந்துச்சு?" என்றார்கள். அதேதான். அனிமோனோடு புதிதாகப் பழகும் நிமோவுக்கு, அதன் கொட்டும் செல்கள் பட்ட இடத்தில் நிறமி கூடிக் கருப்பு விழுவது உண்டு. பழகப் பழக மங்கிவிடும்.

அப்புறம் மருந்தே கொடுக்கவில்லை. ஒரே டார்ச், ஒரே கோணத்தில் படம் மட்டும் எடுத்து வைத்தேன். ஓரத்திலிருந்து ஆரஞ்சு நிறம் மெல்லத் திரும்பியது. வாயோரத்துத் திட்டு கடைசிவரை அடம்பிடித்துவிட்டுத்தான் போனது.

பிறகு தேவகோட்டையிலிருந்து ஒரு நண்பர் தன் மீனின் படத்தை அனுப்பி, "உங்களுக்கு வந்தது மாதிரிதானே? விட்டுடலாமா?" என்று கேட்டார். பக்கவாட்டு டார்ச்சில் வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னேன். உடம்பெல்லாம் பொன்தூள், செவுள் படபடவென்று அடிக்கிறது. அது வெல்வெட். ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது என்றேன். அன்றிரவே மீன்கள் அத்தனையையும் தனித் தொட்டிக்கு மாற்றி, அளவுக் கருவி வைத்துப் பார்த்துப் பார்த்துக் காப்பர் கொடுத்தார். ஒட்டிக்கொள்ள மீன் கிடைக்காமல் ஒட்டுண்ணி சாகட்டும் என்று, பெரிய தொட்டியை ஆறு வாரம் மீனே இல்லாமல் ஓடவிடச் சொல்லியிருக்கிறேன்.