ஜிப்சிக்குப் புதுப் பட்டை

மைத்துனரின் காப்பித் தோட்டம் தாண்டிக்குடிக்கு மேலே இருக்கிறது. தார்ச்சாலை முடிந்த பிறகு மூன்று கிலோமீட்டர் கல்லும் சேறும்தான். 2008 மாடல் மாருதி ஜிப்சி ஜீப் ஒன்றைப் பழைய வண்டி விலைக்கு வாங்கியதே அந்த மூன்று கிலோமீட்டருக்காகத்தான். ஜிப்சிக்கு நான்கு சக்கரத்திலும் பட்டை ஸ்பிரிங், அதாவது வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கிச் செய்த ஸ்பிரிங். என் வண்டியில் பின்பக்க இடது பட்டை தளர்ந்துபோய், ஆள் ஏறாமலே ஒருபுறம் சாய்ந்து நிற்கும். சக்கரத்தின் மையத்திலிருந்து மட்காடு விளிம்பு வரை அளந்தேன். வலதைவிட இடது 18 மில்லிமீட்டர் தாழ்வு.

பட்டறையில் விட்டிருக்கலாம். சென்ற முறை விட்ட இடத்தில், பட்டையை ஆக்ஸிலோடு (சக்கர அச்சோடு) சேர்த்துப் பிடிக்கும் பழைய யூ போல்ட்டையே திருப்பிப் பூட்டிவிட்டுப் புதியதற்குக் காசு வாங்கியிருந்தார்கள். யூ போல்ட் ஒருமுறை முறுக்கினால் நீண்டுவிடும். கழற்றியதை மறுபடி போடவே கூடாது.

அதனால் நானே புதுப் பட்டை மாட்ட இரண்டு ஞாயிறு போதும் என்று கணக்குப் போட்டேன். முதல் ஞாயிறை ஒரே ஒரு போல்ட் தின்றுவிட்டது. பின்பட்டையின் முன்முனைப் போல்ட் அது. நட் கழன்றுவிட்டது, போல்ட்டோ பட்டை முனையில் இருக்கும் ரப்பர் புஷ்ஷின் உள்குழாயோடு துருப்பிடித்து ஒட்டியிருந்தது. ஸ்பேனரால் திருப்பினால் ரப்பர் முறுக்கிக்கொள்ளும், கையை எடுத்தால் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். பெட்ரோல் டேங்க் பக்கத்திலேயே இருக்க, கிரைண்டரில் பொறி பறக்கவிட மனம் வரவில்லை. ஆக்சா பிளேடைக் கையால் இழுத்தே இருபுறமும் அறுத்தேன். இரண்டு மணி நேரம், நான்கு பிளேடு.

மற்றதெல்லாம் வேகமாக முடிந்தது. சேஸியை (வண்டியின் அடிச்சட்டத்தை) இரும்பு முட்டில் நிறுத்தி, ஆக்ஸிலை ஜாக்கியில் தாங்கினேன். தாங்காமல் தொங்கவிட்டால் பிரேக் ஹோஸ் விறைத்துக்கொள்ளும். பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டின் தலை ஆக்ஸிலில் உள்ள குழிக்குள் சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் யூ போல்ட்டைக் குறுக்கு மறுக்காக முறுக்கினேன்.

வண்டியை இறக்கி அளந்தால் 50 மில்லிமீட்டர் உயர்ந்திருந்தது! கொக்குபோல நின்றதைப் பார்த்துப் பூரித்துப்போனேன். இரவு படுத்த பிறகுதான் உறைத்தது: புஷ் போல்ட்டுகளை வண்டி அந்தரத்தில் இருக்கும்போதே இறுக்கிவிட்டேன். அப்படியே ஓட்டியிருந்தால் முறுக்கிய நிலையிலேயே நின்று ரப்பர் கிழிந்துவிடும். காலையில் சக்கரம் தரையில் நிற்க, அந்த நிலையில் மறுபடி இறுக்குவதற்காகப் போல்ட்டுகளைத் தளர்த்தினேன். வண்டி மெல்ல முனகிக்கொண்டு 15 மில்லிமீட்டர் இறங்கியது. என் பெருமையும் அதே அளவு.

வெளிப்புறத்தில் சேர்த்ததைவிடக் கழற்றியதே அதிகம். முந்தைய உரிமையாளர் பம்பருக்கு முன்னால் மாட்டிய முன்கம்பிக்கு (புல் பார்) முதலில் விடைகொடுத்தேன். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதற்கு எதிராக நடவடிக்கை எடுக்கச் சொல்லிவிட்டது. அதன்றியும், மோதும்போது நடந்து போகிறவரை முதலில் பதம் பார்ப்பது அந்தக் கம்பிதான். மட்காடுக்குள் துருவைச் சுரண்டி, துரு தடுக்கும் ரெட் ஆக்ஸைடு பெயின்ட் அடித்தேன். உயரம் மாறியதால் இரவில் வண்டியைச் சுவருக்கு எதிரே நிறுத்தி முகப்பு விளக்கின் ஒளியைத் தாழ்த்தினேன். 500 கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி முறுக்கியபோது எல்லாவற்றிலும் கால் சுற்று ஏறியது.

கல்லில் முதலில் இடிபடுவது பக்கப்படிதான் என்று அதையும் கழற்றிவிட்டேன். அம்மாவுக்கு அதில் மட்டும் இன்னும் கோபம். பின் இருக்கைக்கு அடியில் அவருக்காக ஒரு பிளாஸ்டிக் முக்காலி எப்போதும் கிடக்கிறது.